குருகூர்ப் படித்துறை

எங்கள் ஊரான உடன்குடியில் ஆறு கிடையாது. பெயருக்குக் கருமேனியாறு என்று ஒன்று தெற்கே வந்து மணப்பாட்டுக்கு அருகில் கடலில் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் அதில் தண்ணீரைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் மணலைப் பார்க்கலாம். பொருநையில் வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில் சடையனேரிக் கால்வாய் வழியாக உபரிநீர் எங்கள் பக்கத்துக் குளங்களை எட்டிப் பார்ப்பதுண்டு. மற்றபடி செக்கச் சிவந்த தேரி மணலும் பனைமரமும் உப்புக்காற்றும்தான் எங்கள் நிலம். தொல்காப்பியர் வகுத்த திணைகளில் இதை எதில் அடக்குவது என்று முதுகலை படித்த காலத்தில் விடுதித் திண்ணையில் வாதிட்டிருக்கிறோம். கடல் இருப்பதால் நெய்தல் என்றார் ஒருவர். தேரியைப் பார்த்தவர் எவரும் பாலை என்றே சொல்வர் என்றார் இன்னொருவர். பனையேறிக்கென்று ஒரு திணை இல்லாமற் போயிற்று என்ற வருத்தத்தோடு அன்றைய வாதம் முடிந்தது.

ஆகவே ஆறு என்றால் எங்களுக்கு அது வேறொரு நாடு. 'ஆத்துப் பக்கம்' என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். தாத்தா கருப்பட்டி வியாபாரி. அவருடைய தகப்பனார் பனையேறி. முருக்குத்தடியும் அருவாப்பெட்டியும் எங்கள் பழைய வீட்டுப் பரணில் நெடுநாள் கிடந்தன. சித்திரை முதல் ஆடி வரை விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியைப் பனையோலைப் பெட்டிகளில் அடுக்கி, மாட்டுவண்டியில் ஏற்றி, மெஞ்ஞானபுரம், நாசரேத்து வழியாக ஆத்துப் பக்கம் கொண்டுபோவார் தாத்தா. திரும்பி வரும்போது வண்டியில் நெல் இருக்கும். ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்ற பெயர்களெல்லாம் எங்களுக்கு முதலில் நெல் வரும் ஊர்களாகத்தான் அறிமுகமாயின. அவை திவ்ய தேசங்கள் என்பதைப் பின்னாளில் பாடநூலில் படித்தோம்.

தாமிரபரணியின் வரலாற்றை எழுதப் புகுந்தால் அது பெரிது. பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் இந்த ஆறு ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. கங்கைக்கும் கோதாவரிக்கும் முன்னால் ஒரு வாய்க்கால் எனலாம். ஆனால் அதன் பெயர் சென்ற தூரம் அதிகம். அசோகனின் கிர்நார்ப் பாறைக் கல்வெட்டில் வரும் தம்பபண்ணி என்ற சொல் இலங்கையைக் குறிப்பதாக அறிஞர்கள் கொள்கிறார்கள். ஆற்றின் பெயர் தீவுக்கா, தீவின் பெயர் ஆற்றுக்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைச் சொல்லுமிடத்தில் இந்த ஆற்றின் பெயரால் ஒரு வகையைச் சொல்கிறது. காளிதாசனின் இரகுவம்சத்தில், திக்குவிசயம் வந்த இரகுவுக்குப் பாண்டியர்கள் இந்த ஆறு கடலில் கூடும் இடத்தின் முத்துகளைத் திறையாகக் கொடுக்கிறார்கள். கிரேக்க, உரோமானியப் பயணக் குறிப்புகளில் கொல்கை என்று வரும் கொற்கை அந்த முத்துத்துறையின் பழைய ஊர். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளியதால் கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. கடல் நகர்ந்ததும் துறைமுகம் காயலுக்குப் போயிற்று. மார்க்கோ போலோ இறங்கியது அந்தக் காயலில்.

பழமைக்கு இன்னும் பின்னே போக விரும்புவோர் ஸ்ரீவைகுண்டத்துக்குச் சற்று மேற்கே, தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் நிற்க வேண்டும். 1876இல் செருமானியரான ஜாகரும், அவருக்குப் பின் 1899 முதல் அலெக்சாண்டர் ரீயாவும் தோண்டிய ஈமத்தாழிக் காடு அது. பொற்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் இரும்பு ஆயுதங்களும் தாழிக்குள்ளே உமியும் கிடைத்தன. 2023இல் அந்தக் களத்திலேயே, தாழிகளை அகழ்ந்த குழியிலேயே கண்ணாடித் தளத்தின் கீழ் காணும்படி வைத்திருக்கிறார்கள். ஆற்றின் கரையில் வேதம் ஓதும் முன்பே, பாசுரம் பாடும் முன்பே, இறந்தவரை நெல்லோடு புதைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இறந்தவருக்கு நெல் வைக்கும் வழக்கத்தை எங்கள் ஊரில் இன்றும் காண்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சாதிப்பதற்கு நாங்கள் துணியவில்லை.

கோயில்களுக்கு வருவோம். தாமிரபரணியின் கீழ்க்கரைகளில் சைவர்கள் நவகைலாயம் என்றும் வைணவர்கள் நவதிருப்பதி என்றும் ஒன்பது ஒன்பதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் முடிவது முன்னது. அகத்தியர் ஆற்றில் விட்ட ஒன்பது மலர்கள் ஒதுங்கிய இடங்களில் உரோமச முனிவர் சிவனை நிறுவினார் என்பது அதன் தலபுராணம். பின்னது ஆழ்வார் பாடிய ஒன்பது ஊர்கள்: ஸ்ரீவைகுண்டம், நத்தம் என்ற வரகுணமங்கை, திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதியின் இரு கோயில்கள், தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. இவற்றை நவக்கிரகங்களோடு பொருத்திச் சொல்லும் வழக்கம் இன்று பேருந்து நிலையச் சுவரொட்டி வரை வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் வேன் அமர்த்திக்கொண்டு ஒரே நாளில் ஒன்பதையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளனுக்கும் அருள் செய்த கள்ளபிரான், திருக்கோளூரில் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் வைத்தமாநிதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. தேரிக்காட்டு வியாபாரியின் பேரன்களான எங்களுக்கு அந்த மரக்கால் மிகவும் பிடிக்கும். ஆயினும் இந்த ஒன்பதின் நடுநாயகம் குருகூர்தான். ஆழ்வார்திருநகரி என்பது பின்னால் வந்த பெயர். ஓர் ஊர் தன் கவிஞன் பெயரை எடுத்துக்கொண்டு பழம்பெயரை மறந்தது தமிழ்நாட்டில் அரிது.

நம்மாழ்வாரின் வரலாறு இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிந்ததே. காரியாருக்கும் உடையநங்கைக்கும் வைகாசி விசாகத்தில் பிறந்த குழந்தை அழவில்லை, பாலுண்ணவில்லை. ஆதிநாதர் கோயில் புளியமரத்தடியில் கொண்டுவிட, அதன் பொந்தில் பதினாறு ஆண்டுகள் மௌனமாக அமர்ந்திருந்தது. வடநாட்டில் யாத்திரையில் இருந்த திருக்கோளூர் மதுரகவி தென்திசையில் ஓர் ஒளியைக் கண்டு, அதைப் பின்பற்றி நடந்து வந்து, ஒரு கேள்வி கேட்டு அந்த மௌனத்தை உடைத்தார். இந்தக் கதையைத் தள்ளிவிட்டு வரலாற்றை மட்டும் கேட்போருக்கு, 9ஆம் நூற்றாண்டையொட்டிய பாண்டிய நாட்டில் மாறன் என்று பெயர் பெற்ற ஒரு வேளாளர் பெருங்கவிஞர் இருந்தார் என்று சொல்லலாம். திருவிருத்தம், திருவாசிரியம், பெரிய திருவந்தாதி, 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி என நான்கு நூல்களை அவர் தந்தார். பதிகங்களின் இறுதிப் பாட்டில் தம் ஊரின் பெயரையும் தம் பெயரையும் முத்திரையாகப் பொறித்து வைத்தார். திருவரங்கத்தில் ஓதினாலும் மேல்கோட்டையில் ஓதினாலும், பதிகம் முடியும்போது எங்கள் மாவட்டத்து ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பெயரைச் சொல்லித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது.

நாதமுனிகள் கதையும் இந்த ஊரில்தான் முடிகிறது. குடந்தையில் பத்துப் பாசுரங்களைக் கேட்டு, ஆயிரத்தில் பத்து என்றால் மீதி எங்கே என்று தேடிக்கொண்டு வந்தவருக்குக் குருகூரில் அவை எவர் வாயிலும் இல்லை. மதுரகவியின் பதினொரு பாசுரங்கள் மட்டும் இருந்தன. அவற்றைப் புளியமரத்தின் முன்பு 12000 முறை ஓதினார், நாலாயிரமும் கிடைத்தன என்பது மரபு. எங்களுக்கு இதில் வியப்பு, கிடைத்தது அன்று, தொலைந்தது. ஒரு மொழி தன் தலைசிறந்த நூலை, அது பிறந்த ஊரிலேயே, தொலைக்கக் கூடியது என்பதை இந்தக் கதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின்போது ஆழ்வாரின் திருமேனியும் ஊரைவிட்டு வெளியேறியது. மலையாள நாட்டில் மறைத்து வைத்திருந்து, காடு மண்டிக் கிடந்த குருகூரைத் திருத்தி, அதைத் திரும்பக் கொணர்ந்தவர் திருவாய்மொழிப்பிள்ளை. அவருடைய மாணவரான மணவாள மாமுனிகள் 1370இல் பிறந்ததும் இவ்வூரில்.

அந்தத் திருமேனி எப்படி உண்டாயிற்று என்பதற்கு ஒரு மரபுக் கதை இருக்கிறது. ஆழ்வாரின் கட்டளைப்படி மதுரகவி தாமிரபரணித் தண்ணீரைக் காய்ச்சினாராம். காய்ச்சக் காய்ச்ச முதலில் கைகூப்பிய ஓர் உருவம் தோன்றியது. அது நாம் கேட்டதன்று என்று மதுரகவி முறையிட, அவர் பின்னாளில் வரப்போகும் ஆசாரியர் என்றார் ஆழ்வார். அது இராமாநுசர், அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே அவருடைய உருவம் வந்துவிட்டது. இன்னும் காய்ச்சினால் நாம் வருவோம் என்று சொல்ல, அவ்வாறே ஆழ்வார் திருமேனி வந்தது.

எம்.ஏ. முதலாண்டில் இந்தக் கதையைக் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். விடுமுறைக்கு வந்து வீட்டில் சொன்னோம். தாத்தா அப்போது இல்லை. அவருடைய மூத்த மகளான எங்கள் அத்தை, ஏரலுக்கு அருகில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர், அன்று ஊருக்கு வந்திருந்தார். "இதுல என்னய்யா சிரிப்பு? எங்கய்யா இந்தக் கதயச் சொல்லும்போது சிரிக்க மாட்டாரு. பதனியக் காய்ச்சுனா கருப்பட்டி வருதா இல்லியா? தண்ணி மாதிரி இருக்கதுலருந்துதான வருது? அது மாதிரிதாம்பாரு." பதநீர் பொங்கி நுரைத்து, நிறம் மாறி, கூழாகி, கிளறும் கைக்குக் கனத்து, சிரட்டைக்குள் ஊற்றியதும் இறுகி ஓர் உருவம் கொள்வதைத் தினமும் கண்டவர் அவர். வைணவ உரையாசிரியர்கள் எவரும் அந்தக் கதைக்கு இப்படி ஓர் உரை எழுதியதில்லை. நாங்கள் அன்று சிரிப்பதை நிறுத்தினோம்.

அத்தை சொன்ன இன்னொரு செய்திதான் இதை எழுதவைத்தது. கதையையே அறிந்திருந்த தாத்தா குருகூர்க் கோயிலுக்குள் போனதே இல்லை என்றார் அவர். அப்பா அதை மறுப்பார். சுதந்திரம் வந்த பிறகு தெருவே திரண்டு போயிற்று, ஐயாவும் போனார் என்பார். அப்பா பிறந்தது 1946இல். ஆகவே அவர் சொன்னதும் கேள்விச் செய்திதான். அத்தை அவருக்கு ஐந்து வயது மூத்தவர்.

தேரிக்காட்டுக் குடும்பங்களுக்குக் கோயில் என்பது எளிய சொல்லன்று. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, 1799இல், சாத்தான்குளத்துக்கு அருகில் கிறித்தவர்களுக்கென முதலூர் உருவாகியிருந்தது. மெஞ்ஞானபுரத்திலும் நாசரேத்திலும் உயர்ந்த கோபுரங்கள் எழுந்தன. தாத்தாவின் வண்டி போன வழியெங்கும் அந்தக் கோபுரங்களைக் கடந்துதான் போக வேண்டும். அவற்றின் கதவு திறந்திருந்தது. எங்கள் உறவினர் பலர் அந்தக் கதவு வழியே போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் படித்தார்கள். 1833இல் திருச்செந்தூர்க் கடலில் மூழ்கி எழுந்து வைகுண்டராக வந்ததாகச் சொல்லப்படும் முத்துக்குட்டியின் பதிகளுக்கும் நிழல் தாங்கல்களுக்கும் சிலர் போனார்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு வா, கண்ணாடியில் உன்னைப் பார் என்றது அந்த வழி. எங்கள் குடும்பம் இரண்டுக்கும் போகவில்லை. போகாமல் இருந்ததற்குக் காரணம் பக்தியா, பிடிவாதமா என்று கேட்டால் அத்தை "ரெண்டுந்தான்" என்பார்.

1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களில் நாடார் ஒருவரும் இருந்தார். அந்த ஆண்டே சட்டமும் வந்தது. தாத்தாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயதிருக்கும். அதற்கு முன்பு ஒரு நாள், ஆத்துப் பக்கம் வியாபாரத்துக்குப் போன இடத்தில், ஒரு கோயிலின் வெளிவாசலில் அவரை நிறுத்தியிருக்கிறார்கள். எந்தக் கோயில் என்று அவர் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அன்றைய நிலையில் எதுவாகவும் இருந்திருக்கலாம். பெட்டியை இறக்கிவை, நீ தள்ளி நில் என்றார்களாம். கருப்பட்டி உள்ளே போயிற்று, அவர் வெளியே நின்றார். இவ்வளவுதான் நிகழ்ச்சி. அடியில்லை, வசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கோயில் வாசலையும் அவர் மிதிக்கவில்லை என்பது அத்தையின் கூற்று. எங்கள் ஊர்ச் சுடலைமாடனுக்கும் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கும் விலக்கு உண்டு. அவர்கள் தாத்தாவைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை.

கல்லூரியில் நாங்கள் திருவாய்மொழி நடத்துகிறோம். பக்தி இலக்கியத் தாளில் ஆண்டுதோறும் வரும். ஆழ்வாரின் பிறப்பைப் பற்றிச் சொல்லும்போது, பிறப்பால் அந்தணரான மதுரகவி நான்காம் வருணத்தவரைத் தெய்வமாகக் கொண்ட புரட்சியைச் சொல்லி, பாணரான திருப்பாணாழ்வாரை லோகசாரங்கர் தோளில் சுமந்ததைச் சொல்லி, மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பி ஈமக்கடன் செய்ததைச் சொல்லி, அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் 'ஆசார்ய ஹ்ருதயம்' நூலில் பிறப்பின் ஏற்றத்தாழ்வை எவ்வளவு நுட்பமாக மறுக்கிறார் என்று விளக்கி, வகுப்பைச் சிறப்பாக முடிப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தார். "ஐயா, ஆழ்வாரத் தூக்கி வச்சாங்க சரி. ஆயிரம் வருசமா வெளிய நின்னவங்களும் இந்தப் பாட்டுக்குள்ள இருக்காங்களா?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாயிற்று. இருக்கிறார்கள் என்று சொல்லப் பாசுரச் சான்றுகள் உண்டு, சொன்னோம். தொண்டர்களின் குலத்தைக் கேளாமல் அவர்களைத் தம் தலைவராகக் கொள்ளும் பதிகத்தைப் படித்துக் காட்டினோம். மாணவி உட்கார்ந்துவிட்டார். விடை அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எங்களுக்கும் போதவில்லை. நூல் ஒன்றைச் சொல்ல, நூலை ஓதிய வாசல் வேறொன்றைச் செய்திருக்கிறது. நூலை மட்டும் படிப்பவர்களும் வாசலை மட்டும் பார்ப்பவர்களும் ஒருவரையொருவர் ஏமாளி என்கிறார்கள். இரண்டையும் பார்க்க வேண்டிய இடத்தில் பிறந்தவர்களுக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே இரண்டு இரவுகள் கிடந்தார்கள். அருகிலிருந்த புதுக்குடி மக்கள், தங்கள் வீடுகளில் தண்ணீர் நிற்க, அரிசி கொண்டுவந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஏரல் பாலத்தின் அணுகுசாலை அடித்துச் செல்லப்பட்டது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. அத்தையின் ஊர் என்னவாயிற்று என்று மூன்று நாள் தெரியவில்லை. தேரி மணல் எவ்வளவு மழையையும் குடித்துவிடும் என்ற எங்கள் பெருமையும் அந்த வாரத்தில் போயிற்று. உடன்குடிப் பக்கத்திலும் குளங்கள் உடைந்தன.

நான்காம் நாள் அண்ணனும் நாங்களுமாக டிராக்டரில் சென்று சேர்ந்தோம். அத்தை பக்கத்து மாடிவீட்டில் இருந்தார். எண்பத்திரண்டு வயதில் அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. தண்ணீர் வந்த உயரம் சுவரில் எங்கள் தோளுக்கு மேலே ஒரு கோடாக நின்றது. தையில் விற்பதற்காக அத்தையின் மகன் அறையில் அடுக்கி வைத்திருந்த பன்னிரண்டு பெட்டிக் கருப்பட்டி கரைந்து போயிருந்தது. ஓலைப்பெட்டிகள் வெறுமையாக, ஒட்டிக்கொண்டு, சேற்றில் கிடந்தன. சுவரெல்லாம் ஒரு தித்திப்பு வாடை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்த ஆண்டுதான். தாத்தாவின் கையெழுத்தில் இருந்த கணக்கு நோட்டு ஒன்றை அத்தை தகரப்பெட்டியில் வைத்திருந்தார். எந்த ஊரில் யாருக்கு எத்தனை பெட்டி, பதிலுக்கு எத்தனை மரக்கால் நெல் என்ற கணக்கு. அதைப் படியெடுத்து வைக்க வேண்டும் என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஒரே கட்டியாக இருந்தன. நாதமுனிகளுக்குக் கிடைத்தது போல எங்களுக்குக் கிடைக்க எந்தப் புளியமரமும் இல்லை.

ஆழ்வார் என்ற சொல்லுக்கு ஆழ்ந்தவர், மூழ்கியவர் என்று பொருள் சொல்லி, ஏ.கே. ராமானுஜன் 1981இல் வெளியிட்ட தம் மொழிபெயர்ப்பு நூலுக்கு மூழ்குவோருக்கான பாடல்கள் என்ற பொருளில் தலைப்பிட்டார். அதைப் பல ஆண்டு வகுப்பில் அழகான தலைப்பு என்று சொல்லி வந்திருக்கிறோம். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அந்தத் தலைப்பைச் சொல்லும்போது நாக்கு சற்றுத் தயங்குகிறது.

2024 வைகாசியில் அத்தை ஓர் ஆசை சொன்னார். கருட சேவை பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டு ஆற்றங்கரையில் வாழ்ந்தும் அதைப் பார்த்ததில்லையாம். நம்மாழ்வாரின் திருவிழாவில் ஐந்தாம் நாள், ஒன்பது ஊர்ப் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரிக்கு வந்து சேர்கிறார்கள். கடவுள்கள் தம் கவிஞனைத் தேடி வரும் நாள் அது. இரவில் ஒன்பது கருடன்கள் மீது ஒன்பது பெருமாள்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிவர, ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்கிறார். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம். சுக்குக் காப்பிக்காரர்களும் பலூன்காரர்களும் ரதவீதியை நிறைத்திருந்தார்கள். தலைக்கு மேல் அசையும் தீவட்டிப் புகையில் கருடனின் சிறகுகள் உண்மையிலேயே அசைவதாகத் தோன்றியது. வரலாறும் சாதியும் படித்த எங்களுக்கும் தோன்றியது. அத்தை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு கருடனுக்கும் கை உயர்த்தினார். அந்த வீட்டு அம்மாள், பட்டுடுத்திய முதியவர், உள்ளிருந்து தலையணை கொண்டுவந்து அத்தையின் முதுகுக்கு வைத்தார். எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்.

முன்னதாக மாலையில் அத்தையைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றிருந்தோம். உறங்காப்புளியின் அடியில் நின்றார். மற்றப் புளியமரங்களின் இலைகள் இரவில் கூம்பும், இதன் இலைகள் கூம்புவதில்லை என்பார்கள். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வயசான மரந்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கும்பிட்டார். அவருடைய தகப்பனார் போகாத இடத்தில் நிற்கிறோம் என்ற எண்ணம் எங்களுக்குத்தான் இருந்ததே தவிர, அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு, படித்துறைக்குப் போக வேண்டும் என்றார். கைத்தாங்கலாக அழைத்துப் போனோம். வெள்ளம் ஆற்றின் முகத்தை மாற்றியிருந்தது. கரையோரத்து மரங்கள் சில வேரோடு சாய்ந்தபடியே கிடந்தன. சில படிகள் பெயர்ந்திருந்தன. தண்ணீர் மட்டும் ஒன்றும் நடவாதது போல மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அத்தை படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இங்கனதான். எனக்கு எட்டு வயசிருக்கும். வண்டிய அந்தப் பக்கம் நிப்பாட்டிட்டு எங்கய்யா என்னக் குளிப்பாட்டுனாரு. எல்லாரும் உள்ள போறாவ, நாமளும் போவம்யான்னேன். சட்டம் உள்ள போயிட்டு தாயி, நாம பைய போவோம்னாரு. இந்தப் படியிலயே உக்காந்துட்டாரு. கோவுரத்தப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. அம்புட்டுதான்."

எட்டு வயது என்றால் 1949. அப்பா சொன்னது தவறு என்றாகிறது. அல்லது தாத்தா பிறகு ஒரு நாள் தனியாகப் போனாரோ என்னவோ. பைய என்றால் எங்கள் பேச்சில் மெதுவாக, அவசரமின்றி என்று பொருள். அந்தப் பைய எத்தனை ஆண்டு என்று அவர் சொல்லவில்லை.

அத்தை சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்னக் கருப்பட்டியை எடுத்தார். படிக்கல்லில் தட்டி உடைத்து, அண்ணனுக்கு ஒரு துண்டு, எங்களுக்கு ஒரு துண்டு, தமக்கு ஒன்று. "கடிச்சிக்கிட்டுத் தண்ணியக் குடிங்க. எங்கய்யா இப்பிடித்தான் தருவாரு." ஆற்றுநீரைக் குடிக்கலாமா என்று அண்ணன் தயங்கினார், மேலே எத்தனை ஊர்ச் சாக்கடை கலக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாததன்று. அத்தை அதற்குள் இரண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்களும் குடித்தோம். தெருவில் கடைசிக் கருடன் கோயிலுக்குள் திரும்பும் மேளம் கேட்டது. திருச்செந்தூருக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று அத்தை கேட்டார்.